மாரிக்கு வண்டியை நிறுத்தும்போது கிளச்சை என்ன செய்வது?

பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்ட எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் குளிர்காலத்துக்கு வண்டியை ஒதுக்கி வைப்பது பற்றி ஒரு பகுதி இருக்கும். ஒக்டோபர் கடைசியில் கழுவித் துடைத்து உள்ளே விடு, மார்ச்சில் வெளியே எடு என்பதுதான் அதன் சாரம். திருகோணமலையில் குளிர்காலம் ஏது? மார்கழி விடியலில் ஒரு போர்வை தேவைப்படும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கலண்டர் மட்டும் எங்களுக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. ஐப்பசியில் இடி மின்னலோடு தொடங்கும் மாரி, கார்த்திகை மார்கழியில் கொட்டித் தீர்த்துவிட்டு, பொங்கல் தாண்டியும் போக மனமில்லாமல் தூறிக்கொண்டிருக்கும். கடற்கரையில் வள்ளங்களை மேலே இழுத்துக் கவிழ்க்கிற அதே நாட்களில்தான் நானும் என் வண்டியை உள்ளே தள்ளுகிறேன்.

கலண்டர் பொருந்தினாலும் காரணம் பொருந்தாது. அங்கே பனி உருகுவதற்காகத் தெருவில் உப்புப் போடுகிறார்கள். அந்த உப்புக்குப் பயந்து வண்டியை மறைக்கிறார்கள். இங்கே உப்பு தானாகவே வீடு தேடி வரும். வாடைக்காற்று வங்காள விரிகுடாவிலிருந்து நேரே அடிக்கிறபோது உவர்மலைப் பக்கம் ஜன்னல் கண்ணாடியை இரவு துடைத்து வைத்தால் காலையில் விரலால் பெயர் எழுதலாம். அந்தப் படலம் கண்ணாடியில் மட்டுமா படியும்? ரிம்மில், ஸ்போக்கில், கேபிள் முனையில், நிக்கல் பூச்சு உரிந்த ஒவ்வொரு இடத்திலும் படியும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். மழை விட்டு ஒரு காலை வெயில் அடித்தால், இரவில் குளிர்ந்த இரும்பின்மேல் வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டு எஞ்சின் முழுக்க வியர்த்துப்போய் நிற்கும். தென்மேற்குக் கச்சான்காற்று வீசுகிற ஆனி ஆடியில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அப்போது தூசி மட்டும்தான்.

என் வண்டி ட்ரையம்ஃப் 3எச்டபிள்யூ. 343 சீசீ, ஒற்றைச் சிலிண்டர், நாலு கியர், முன்னால் கேடர் ஃபோர்க், பின்னால் ஸ்பிரிங் என்று ஒன்றும் இல்லை, இருக்கைக்கு அடியில் இருப்பதைத் தவிர. இரண்டாம் உலகப் போருக்காகவே செய்யப்பட்ட மொடல். 1940 நவம்பர் 14 இரவு கொவென்ரி நகரத்தின்மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டபோது ட்ரையம்ஃப் தொழிற்சாலையும் அழிந்தது. கொஞ்சக் காலம் வார்விக்கில் ஒட்டுக்குடித்தனம் நடத்திவிட்டு, 1942இல் மெரிடன் என்ற ஊரில் புதிய தொழிற்சாலைக்குப் போனார்கள். 3எச்டபிள்யூ அந்த அலைச்சலில் பிறந்த வண்டி. பிரித்தானியக் கடற்படைக்கும் நிறையப் போனது. கடற்படை என்றால் திருகோணமலைக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டதும் அந்தத் துறைமுகத்துக்காகத்தான். 1957இல் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டு வெள்ளைக்காரன் போனபோது டொக்யாட்டை நம்பியிருந்த எத்தனையோ குடும்பங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றதும் அதனால்தான். என் பெரியப்பா அங்கே பிற்றர். வேலை போனதோ போகவில்லையோ, வண்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. சிங்கள எழுத்தில் ஸ்ரீ போட்ட நம்பர் வருவதற்கு முந்தைய ஆங்கில எழுத்து நம்பர் பிளேற். அந்த ஸ்ரீக்கு ஊரில் தார் பூசிய கதை தனிப் பதிவாக எழுத வேண்டியது.

பெரியப்பா மழையிலும் ஓடினார். அவருக்கு அது வேலைக்குப் போகிற வாகனம். எனக்கு அப்படியில்லை. ஆகவே ஒதுக்கி வைக்கிற சொகுசு எனக்கு உண்டு, ஒதுக்கி வைப்பதால் வருகிற வருத்தங்களும் உண்டு. பழைய வண்டி ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். அதிலும் முதலில் கெடுவது எஞ்சின் இல்லை, கிளச்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். மாரியில் எஞ்சினைத் தூங்க விடுங்கள், கிளச்சைத் தூங்க விடாதீர்கள். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கிழமைக்கு ஒருமுறை ஸ்ராட் பண்ணி ஐந்து நிமிடம் உறும விடுவார்கள். கிளச் லீவரைத் தொட்டே பார்க்க மாட்டார்கள்.

ஏன் கிளச் ஒட்டிக்கொள்கிறது என்று விளங்க அதன் உள்ளே கொஞ்சம் போக வேண்டும். பழைய ட்ரையம்ஃபின் கிளச், எஞ்சின் செயின் ஓடுகிற அதே மூடிக்குள் ஒயிலில் நனைந்தபடி இருக்கிறது. ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கிய பிளேற்றுகள். ஒரு வகை வெறும் உருக்கு. அதன் உட்பல் நடுவிலுள்ள ஹப்பைப் பிடித்திருக்கும். மற்ற வகையில் துளைகள் போட்டுத் தக்கைத் துண்டுகளை இறுக்கியிருப்பார்கள். அதன் வெளிப்பல் செயின் சக்கரத்தின் டிரம்மைப் பிடித்திருக்கும். நாலு ஸ்பிரிங் இந்த அடுக்கை அழுத்தி வைத்திருக்கும். ஆம், தக்கைதான், போத்தல் மூடுகிற அதே மரப்பட்டை. சிரிக்க வேண்டாம். ஒயில் பட்டாலும் பிடியை விடாத பொருள்கள் அந்தக் காலத்தில் அதிகம் இருக்கவில்லை. தக்கை அதில் கெட்டிக்காரன். சூட்டுக்கு மட்டும்தான் பயம்.

வண்டி நிற்கும்போது ஸ்பிரிங்குகள் ஓய்வதில்லை. இரவும் பகலும் அடுக்கை அழுத்திக்கொண்டே இருக்கின்றன. முதலில் தக்கைக்கும் உருக்குக்கும் இடையில் இருந்த ஒயில் மெல்லமெல்ல வெளியேறுகிறது. எஞ்சியிருக்கிற கொஞ்சம் பசைபோல ஆகிறது. பழைய ஒயிலில் கலந்திருந்த ஈரம் உருக்கில் தன் வேலையைத் தொடங்குகிறது. இரண்டு மாதம் கழித்து லீவரை இழுத்தால் கைக்கு எல்லாம் சரியாகத்தான் படும். முதலாம் கியரைப் போட்டதும்தான் தெரியும், கிளச் பிடித்தபடியே வண்டி முன்னால் பாய்வது. கியர் பல்லில் கேட்கிற அந்தக் 'கடக்' சத்தம் எனக்குப் பல்வலி மாதிரி.

இதற்கு ஆங்கிலப் புத்தகங்கள் சொல்லும் வைத்தியம் லீவரைக் கட்டி வைப்பது. லீவரை ஹான்டிலோடு சேர்த்து இழுத்து ஒரு வாரால் இறுக்கிவிட்டால் பிளேற்றுகள் விலகி நிற்கும், ஒட்டாது என்பது கணக்கு. எங்கள் ஊரிலும் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கட்டுகிறவர்கள் உண்டு. கேட்டால் நல்ல யோசனையாகத்தான் தோன்றும். கிண்ணியாவில் கராஜ் வைத்திருக்கும் ஒரு நானாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். பழைய வண்டிகளைக் காதால் பார்க்கிற மனிதர். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, கட்டி வச்சா பிளேற்று எல்லாம் விலகும் எண்டு ஆரு சொன்ன? லீவர்தான் உள்ளுக்கு வரும். பிளேற்று வரணுமே!"

அவர் சொன்னதன் விளக்கம் இது. லீவரை இழுக்கும்போது வெளியே இருக்கிற அழுத்தும் தட்டு மட்டும்தான் உறுதியாக விலகும். உள்ளே இருக்கிற பிளேற்றுகளைப் பிரித்துவிட எந்தக் கையும் இல்லை. ஏற்கெனவே ஒயிலால் ஒட்டியிருக்கிற இரண்டு பிளேற்றுகள் ஒட்டியபடியே இருக்கும். விலகியதுபோல இருப்பது எங்கோ ஓரிடத்தில் விழுந்த ஒரு மயிரிழை இடைவெளி. அதோடு மூன்று மாதம் கேபிள் முழு இழுவையில் நிற்கிறது. உப்புக்காற்றில், முனையில் ஈயம் வைத்த இடத்தில், ஏற்கெனவே கறள் தொட்ட ஓர் இழை இருந்தால் அது அறுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. ஸ்பிரிங்குகளும் அவ்வளவு காலமும் கூடுதலாக நசுங்கி நிற்கின்றன. எண்பது வயது ஸ்பிரிங்கிடம் நான் அந்தளவுக்கு எதிர்பார்க்க மாட்டேன். உலர்ந்த கிளச் உள்ள வண்டிகளில் இன்னொரு சங்கடம்: இடைவெளி விட்டால் அந்த இடைவெளியில் ஈரக்காற்றுப் போய் உருக்கு முகம் முழுக்கக் கறள் பிடிக்கும். இங்கிலாந்தில் சூடாக்கிய கராஜுக்குள் விடுகிறவர் கட்டி வைக்கட்டும். திருகோணமலையில் நான் கட்டமாட்டேன்.

கட்டாமல் என்ன செய்வது? கிளச்சைச் சுழற்றுவது. இரண்டு கிழமைக்கு ஒருதடவை போதும், மழை விட்ட ஒரு நேரமாகப் பார்த்து. பெற்றோல் குழாயைப் பூட்டுங்கள். வண்டி நியூற்றலில் இருக்கட்டும். கிக்கரை மெதுவாக மிதித்து, எஞ்சின் அமுக்கத்தில் முட்டி எதிர்க்கிற இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது கிளச் லீவரை முழுதாக இழுத்துப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதியுங்கள். இந்த வண்டிகளில் கிக்கர் கியர்பெட்டியின் தண்டைத் திருப்பி, கிளச் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. ஆகவே கிளச் விட்டிருந்தால் கிக்கர் வெறுமனே வழுக்கிப் போகும். ஒட்டியிருந்தால் எஞ்சினையும் சேர்த்துத் திருப்பப் பார்க்கும், கால் முட்டும். ஒன்றிரண்டு மிதியில் 'டப்' என்று ஒரு சின்ன அதிர்வு பாதத்துக்கு வரும். அதற்குப் பிறகு வழுக்கத் தொடங்கும். இன்னும் சில தடவை மிதித்துவிட்டு லீவரை விட்டுவிடுங்கள்.

கட்டி வைப்பதைவிட இது எப்படி மேல் என்றால், உருக்குப் பிளேற் எல்லாம் ஹப்போடு, தக்கைப் பிளேற் எல்லாம் டிரம்மோடு. டிரம் நிற்க ஹப் மட்டும் சுற்றுகிறது என்றால் ஒவ்வொரு தக்கை முகமும் தனக்குப் பக்கத்து உருக்கின்மேல் வழுக்கியே ஆக வேண்டும். ஒன்றுகூடத் தப்ப முடியாது. வழுக்கும்போது ஒயிலும் திரும்ப இடையில் இழுபடுகிறது. மூன்று நிமிட வேலை, ஒரு சொட்டுப் பெற்றோல் செலவில்லை.

முடித்ததும் பிஸ்டனை அமுக்கத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். அந்த இடத்தில் இரண்டு வால்வும் மூடியிருக்கும். சைலன்சர் வழியாக வரும் ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. ஒவ்வொரு முறையும் உச்சியிலிருந்து ஒரு நூல் முன்னே பின்னே வைத்தால் பிஸ்டன் வளையமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கோடு போடாது.

இனி எஞ்சின். கிழமைக்கு ஐந்து நிமிடம் ஓடவிடுவது வண்டிக்கு நல்லது என்று நம்புகிறவர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. இரசாயனம் படித்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள், கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அந்த ஆவி சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் சூடேறாது. குளிர்ந்த சைலன்சரிலும், பிஸ்டன் வளையத்தைத் தாண்டி எஞ்சின் அடியிலும் அது தண்ணீராகத் தங்கும். ஒயிலோடு கலந்தால் வெள்ளைக் களிம்பு. இதைக் கிழமைக்கிழமை செய்தால் மாரி முடியும்போது சைலன்சர் உள்ளிருந்து ஓட்டையாகும். ஓட்டுவதானால் மழை விட்ட நாளில் நிலாவெளி வரை போய்த் திரும்புங்கள், எல்லாம் கொதித்துக் காயும். இல்லாவிட்டால் தொடவே வேண்டாம்.

ஒயில் மாற்றுவதை நிறுத்துவதற்கு முன்னால் செய்ய வேண்டும், எடுத்த பிறகு அல்ல. ஓடிய ஒயிலில் கரியும் அமிலமும் ஈரமும் இருக்கும்; மூன்று மாதம் அதில் ஊற வைப்பதில் என்ன நியாயம்? கடைசி ஓட்டம் ஓடி வந்து, சூடு ஆறுமுன் எஞ்சின் ஒயிலையும் கிளச் மூடிக்குள் இருக்கிற ஒயிலையும் இறக்கிவிட்டுப் புதிதை ஊற்றுவது வழக்கம். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுவார்கள்.

கிளச்சுக்கு என்ன ஒயில் என்பதில் கடைக்காரர் பேச்சை அப்படியே எடுக்காதீர்கள். காருக்கென்று வரும் மெல்லிய நவீன ஒயில்களில் உராய்வைக் குறைக்கிற சேர்மானங்கள் உண்டு. போத்தலின் பின்பக்கத்து வட்ட முத்திரையில் 'எனர்ஜி கன்சர்விங்' என்று அடித்திருந்தால் அது அந்த வகை. எஞ்சினுக்குச் சுகம், நனைந்த கிளச்சுக்கு வழுக்கல். மோட்டார் சைக்கிள் ஒயிலில் 'ஜாசோ எம்ஏ' என்ற குறி இருக்கும். நனைந்த கிளச்சுக்கு ஒத்துவரும் என்பதற்கான ஜப்பானியத் தரம் அது. எங்கள் பழைய வண்டிக்குக் கிளச் பக்கம் எஸ்ஏஈ 20 போன்ற மெல்லிய, சேர்மானம் குறைந்த சாதாரண ஒயில் போதும். தடித்த ஒயிலை ஊற்றினால் பிளேற் விலகாது. 'நல்ல ஒயில்தானே ஊற்றினேன்' என்று கராஜில் வந்து நிற்கிறவர்கள் பாதிப் பேர் இந்த வகைதான் என்று நானா சொல்வார். ஓட்டோமற்றிக் கியர் கார்களுக்கான ஏடிஎஃப் ஒயிலை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். புதுவகைப் பிளேற்றுக்கு அது சரிவரலாம். தக்கைக்கு நான் ஊற்றவில்லை, ஊற்றவும் மாட்டேன்.

கேபிளுக்கு வருவோம். மாரியில் கேபிள் சாவது நடுவில் இல்லை, முனைகளில். லீவர் பக்கத்து வாயால் மழைநீர் இறங்கி, கீழ்வளைவில் தேங்கி நிற்கும். வண்டியை நிறுத்துகிற அன்றே லீவர் முனையைக் கழற்றிவிடுங்கள். ஒரு சொப்பிங் பையின் மூலையில் ஊசியளவு துளை போட்டு, அதற்குள் கேபிளின் வெளியுறை முனையை நுழைத்து, ரப்பர் பட்டியால் இறுக்கிச் சுற்றுங்கள். பை இப்போது ஒரு புனல். தையல் மெஷின் ஒயில்போல மெல்லியதை இரண்டு கரண்டி விட்டு, பையை ஹான்டிலில் தொங்கவிட்டுவிட்டுப் போய்ப் படுங்கள். காலையில் கியர்பெட்டிப் பக்கத்து முனையில் ஒயில் சொட்டும். முதலில் கறுப்பாக, சிலநேரம் செங்கல் நிறத்தில் வரும். அந்தச் செங்கல் நிறம்தான் கறள். நிறம் மாறித் தெளிவாக வரும்வரை இன்னும் கொஞ்சம் விடுங்கள். கிறீஸ் அடைக்கிறேன் என்று தொடங்காதீர்கள். தூசியும் உப்பும் அதில் ஒட்டிக் களிமண் ஆகும்.

திரும்ப மாட்டும்போது லீவரில் சின்ன இளக்கம் இருக்க வேண்டும், கேபிள் முனையில் 3 மில்லிமீற்றர் அளவு. இளக்கம் இல்லாமல் இறுக்கினால், எஞ்சின் சூடேறி, கிளச்சைத் தள்ளித் திறக்கிற கம்பி நீளும்போது அது தானாகவே கிளச்சைக் கொஞ்சம் விலக்கிப் பிடிக்கும். தக்கை வழுக்கிக் கருகும். கிளச் சரியாக விடவில்லை என்றதும் எல்லாரும் முதலில் செய்வது இந்த இளக்கத்தை இறுக்கி எடுப்பதுதான். அது வியாதியை மாற்றிக்கொள்வது, தீர்ப்பது அல்ல.

உண்மையில் பார்க்க வேண்டியது ஸ்பிரிங் நட்டுகள். மூடியைக் கழற்றி, லீவரை இழுத்துக்கொண்டு கிக்கரை மிதித்தால் வெளித்தட்டு சுற்றும். ஒரு கம்பியை அதன் ஓரத்துக்குக் கிட்டே பிடித்துப் பாருங்கள். ஒருபக்கம் கம்பியை உரசி மறுபக்கம் விலகினால் தட்டு சரிவாக எழும்புகிறது என்று அர்த்தம். உரசுகிற பக்கம் அதிகம் எழும்புகிறது, அந்தப் பக்கத்து நட்டை அரைச்சுற்று இறுக்க வேண்டும். இறுக்குவது சுலபம். தளர்த்தும்போதுதான் கோபம் வரும்: நட்டின் அடியில் ஒரு சின்ன முனைப்பு இருக்கிறது, அது ஸ்பிரிங்கின் கடைசிச் சுருளில் போய்க் கொழுவிக்கொள்ளும். மெல்லிய கத்தி அலகை இடையில் செருகிச் சுருளைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் திருப்ப முடியும். மூன்று கை தேவைப்படுகிற வேலை. ஹப்பை மட்டும் தேவையில்லாமல் இழுத்துக் கழற்ற வேண்டாம். உள்ளே கூடில்லாத உருளைகள் இருக்கின்றன, சிமெந்து நிலத்தில் உருண்டு அலுமாரிக்கு அடியில் போய்விடும்.

பிளேற்றுகளை வெளியே எடுத்துவிட்டீர்கள் என்றால் தக்கைகளையும் பாருங்கள். நல்ல தக்கை உருக்கு மட்டத்துக்கு மேலே நன்றாக எழும்பி, நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் வாங்கிக் கொடுக்கும். கறுத்துக் கண்ணாடிபோல மினுங்கினால் கருகியது. ஒயில் இல்லாமல் நெடுநாள் காய்ந்தவை சுருங்கித் துளைக்குள் ஆடும். இதனால்தான் ஒயிலை இறக்கிவிட்டு வெறுமையாக வண்டியை நிறுத்தக் கூடாது என்கிறேன். புதிய தக்கைப் பிளேற் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கலாம், வரியோடு பார்த்தால் கண்ணைக் கட்டும். உள்ளூர் வழி ஒன்று இருக்கிறது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வெள்ளைக்காரர் வந்து தங்குகிற விடுதிகளில் வைன் போத்தல் தக்கைகள் கிடைக்கும். பொடித் தக்கையைப் பசை போட்டு ஒட்டியது வேண்டாம், சூடான ஒயிலில் அவிழ்ந்து போகும். முழுப்பட்டையிலிருந்து வெட்டிய தக்கைதான் வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் மரத்தின் கோடுகள் ஓடும்.

அதைக் கூரிய அலகால் தேவைக்குச் சற்றுக் கூடுதலான தடிப்பில் வட்டங்களாக அறுத்து, கொதிநீரில் போட்டால் பஞ்சுபோல ஆகும். ஆறுமுன் துளைக்குள் அமுக்கிவிட வேண்டும், காயும்போது தானாக இறுகும். பிறகு ஒரு தடித்த கண்ணாடியின்மேல் எமரி பேப்பரை விரித்து, பிளேற்றை வட்டமாகத் தேய்த்து எல்லாத் தக்கையையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்தால் உயர்ந்தது மட்டும் உழைத்துச் செத்துப்போகும். கடைசியாக இரவு முழுக்க ஒயிலில் ஊற வைத்துப் பூட்டுங்கள். மாரியில் வெளியே போக முடியாத பின்னேரங்களுக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை. மின்சாரம் போனாலும் செய்யலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட பிறகே உள்ளே விடுங்கள். வள்ளத்தின் வெளியிணைப்பு எஞ்சினை மீனவர்கள் பீப்பாய்த் தண்ணீரில் ஓடவிட்டு உப்பை எடுப்பதும் இதே காரணத்துக்குத்தான். ரிம்முக்குத் தேங்காயெண்ணெய் பூசுகிற பழக்கம் வேண்டாம், சிக்குப் பிடித்து நாறும். கிறீஸை மண்ணெண்ணெயில் கரைத்துத் துணியால் பூசினால் போதும். தறப்பாளால் மூடிக் கட்டுவதைப்போலக் கெடுதல் வேறில்லை. உள்ளே வியர்த்து வியர்த்து, கட்டை அவிழ்க்கும்போது வண்டி ஒரு செந்நிறமாக இருக்கும். பழைய பருத்திப் படுக்கை விரிப்பு ஒன்று போதும், காற்று வந்துபோகட்டும். சிமெந்து நிலம் ஈரம் கக்கும். ரயருக்கு அடியில் பலகை வையுங்கள். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து மாதம் ஒருமுறை சார்ஜ் பண்ணுங்கள்.

பெற்றோல் விஷயத்தில் காபரேற்றரைக் கட்டாயம் வடித்துவிடுங்கள். இந்த வண்டிகளில் உள்ள அமல் கம்பனிக் காபரேற்றரின் துத்தநாகக் கலவை உடம்பில் தண்ணீர் நின்றால் வெள்ளைப் பொடி பூக்கும். நின்ற பெற்றோல் பிசினாகி ஜெற்றின் துளையை அடைக்கும். தாங்கியைக் கழுத்துவரை நிரப்பி வைத்தால் உள்ளே காற்று குறையும், கறள் குறையும். 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற காலத்தில் தாங்கியை நிரப்பிச் சும்மா நிறுத்துவதை வெளியே சொன்னால் அடி விழுந்திருக்கும். இந்தியாவிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு வேறு ஆலோசனை: அங்கே இப்போது வருகிற பெற்றோலில் 20 சதவீதம் வரை எதனோல் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும், ஆகவே நிரப்புவதைவிட முழுதாக வடித்து, தாங்கிக்குள் கொஞ்சம் ஒயில் விட்டுக் குலுக்கி வைப்பது மேல்.

குளவியை எந்த ஆங்கிலப் புத்தகமும் சொல்லாது. மண்கூடு கட்டுகிற குளவிக்குத் தாங்கி மூடியின் காற்றுத் துளையும் காபரேற்றர் வாயும் கட்டிக் கொடுத்த வீடு. ஒயில் துணியால் அடையுங்கள், சைலன்சர் வாயையும் சேர்த்து. அடைத்த துணியில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டி ஹான்டில்வரை இழுத்துவிடுங்கள். மாசியில் அவசரமாக மிதிக்கும்போது நினைவு வர அதுதான் வழி.

மாசியில் எடுக்கும்போது உதைக்க அவசரப்படாதீர்கள். இந்த எஞ்சினில் ஒயில் தனித் தாங்கியில் இருக்கிறது. நிற்கும்போது பம்பைத் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினின் அடிக்கு இறங்கிவிடும். தாங்கியில் மட்டம் குறைந்ததைப் பார்த்து மேலே ஊற்றினால் ஒயில் இரட்டிப்பு. அடிப் பிளக்கைத் திறந்து தேங்கியதை வடித்துவிட்டு, அதற்குப் பிறகு மட்டம் பாருங்கள். தீப்பொறி தரும் மக்னீற்றோவின் பொயின்றை ஒரு கடதாசித் துண்டால் துடையுங்கள். கிளச்சை வழமைபோல இழுத்து மிதித்துப் பாருங்கள். மாரி முழுக்கச் சுழற்றி வந்தவருக்கு இது சடங்கு மட்டும்தான்.

சுழற்றாமல் விட்டவர் இந்தப் பதிவை மாசியில்தான் தேடிப் பிடித்து வாசிப்பார், தெரியும். அவருக்கும் வழி உண்டு. எஞ்சினை ஸ்ராட் பண்ணி ஒயில் சூடேறும்வரை நியூற்றலில் விடுங்கள். அணைத்துவிட்டு, இரண்டாம் கியரைப் போட்டு, லீவரை இழுத்தபடி வண்டியை முன்னும் பின்னும் உலுக்கித் தள்ளுங்கள். சூட்டில் ஒயில் இளகியிருப்பதால் பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளை எடுத்து, பிளேற்றுகளை ஒவ்வொன்றாகக் கையால் பிரிப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை. ஸ்குரூ ட்றைவரை இடையில் செருகி நெம்பாதீர்கள், தக்கை பெயர்ந்து வரும். பெயர்ந்தால் வைன் தக்கை தேட வேண்டும். விடுதிகளுக்கு ஆள் வரத் தொடங்குவது சித்திரைக்குப் பிறகுதான்.